சிவப்புச் சட்டையில் ஒரு சிரிப்பு

சனிக்கிழமை வந்தேவிட்டது.

"கான்ட்ராக்ட் முடியுது. திரும்பி வர்றதா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கறதான்னு சனிக்கிழமை சொல்றேன்." போன வாரம் கணவன் போனில் சொன்ன இந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சின்னு வாரம் முழுவதையும் ஓட்டினாள். பாத்திரம் தேய்க்கும்போது அவன் வந்துவிடுவான் என்று தோன்றும். துணி காயப்போடும்போது வரமாட்டான் என்று தோன்றும். கொடியிலிருந்து துணியை எடுத்து மடிக்கும்போது மறுபடியும் வந்துவிடுவான்.

இரண்டு வருஷம் என்று சொல்லி ஏசி மெக்கானிக் வேலைக்கு விமானம் ஏறியவன். மூன்றாவது வருஷமும் முடியப்போகிறது.

போதாக்குறைக்கு இன்றுதான் ஊரின் கால்பந்து கிளப்பான பச்சை அணிக்கு சீசனின் கடைசி மேட்ச். ஜெயித்தால் முதல் டிவிஷனில் ஒட்டிக்கொள்ளலாம். தோற்றாலும் சரி, டிரா ஆனாலும் சரி, கீழ் டிவிஷனுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு. மாமனாரின் பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டபடி சின்னு சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

கீழே பட்டறையில் ஸ்டேப்ளர் சத்தம் கேட்டது. மாமனார் வேலையை ஆரம்பித்துவிட்டார். மேட்ச் நாளில் அவர் பட்டறைக் கதவைத் திறக்கவே மாட்டாரே!

டீயை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்று பேர் உட்காரும் சோஃபா ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் வயிற்றுப் பக்கம் மண்டியிட்டு, ரெக்சினை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் பின் அடித்துக்கொண்டிருந்தார் மாமனார். உதட்டுக்கு நடுவே இரண்டு ஆணி.

"என்ன மாமா, இன்னிக்குப் போயி வேலை?"

ஆணிகளை எடுத்துவிட்டுச் சொன்னார். "அவசரமாக் கேக்கறாங்கம்மா."

"மேட்சு நாலு மணிக்கு. ரெண்டரைக்கெல்லாம் கிளம்பணும்."

"நீ போயிட்டு வா. நான் வரல."

சின்னுவுக்குக் காதில் விழுந்தது மனதில் விழவில்லை. தன் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட மேட்சுக்குப் போய்விட்டு வந்து பந்தலில் நின்றவர் என்று இவரைப் பற்றி வீட்டில் கதையே உண்டு. மாமியார் காலமான பிறகு, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்ததும் அந்த மைதானம்தான். ஊருக்கெல்லாம் மெத்தை வைத்துக் கொடுக்கிற மனிதர், இத்தனை வருஷமாக வெறும் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார். அங்கே அவருக்குப் பேரே சோஃபா மாமா.

"உடம்பு முடியலையா?"

"உடம்புக்கு என்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். டீ ஆறுது பாரு, குடு."

முகத்தைப் பார்க்காமலே டம்ளரை வாங்கிக்கொண்டார்.

காரணம் என்னவென்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றுதான் சின்னு அப்போது நினைத்தாள்.

அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிற பஸ்ஸில் போன் அடித்தது. நாத்தனார். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனில் இந்த வீட்டையும் நிர்வாகம் செய்பவள்.

"அண்ணி, அண்ணனோட ஸ்டேட்டஸ் பாத்தீங்களா?"

"இல்லையே."

"பாருங்க. பாத்துட்டு வயித்தெரிச்சல் படாதீங்க." வைத்துவிட்டாள். வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டுவிட்டு எரியாதே என்று சொல்வதில் நாத்தனாரை மிஞ்ச ஆள் கிடையாது.

சின்னு ஸ்டேட்டஸைத் திறந்தாள்.

பெரிய ஸ்டேடியம். ஜனக்கடல். நடுவில் அவள் கணவன். கழுத்தில் துண்டு, உடம்பில் சிவப்புச் சட்டை. பளபளவென்று புதுச் சட்டை. இருபக்கமும் முகம் தெரியாத இரண்டு பேர் அவன் தோளில் கை போட்டிருந்தார்கள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் வீடியோ காலில் அவள் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காத சிரிப்பு.

கீழே எழுதியிருந்தான். 'நம்ம டீம் ஜெயிச்சாச்சு!'

நம்ம டீமா?

பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியும் அந்த ஒரு வார்த்தையைத் தாண்ட முடியவில்லை அவளால். 'எங்க டீம்' என்று போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 'நம்ம' என்றால் அதில் யார் யார்? இந்த வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது உண்டா?

கடையில் உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் வேலை அதுதான். பிரேமின் வடிவத்துக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, உள்ளே பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத திருகை முடுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் தேய்த்துவிட்டால் லென்ஸ் ஆடும். குறைவாகத் தேய்த்துவிட்டு அழுத்தினால் விரிசல் விடும்.

இன்றைக்கு முதல் லென்ஸிலேயே விரிசல். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவருக்கும் இன்று என்ன மேட்ச் என்று தெரியும்.

கண்ணாடி வாங்க வந்த வாடிக்கைக்காரருக்கும் தெரிந்திருந்தது. துறைமுக அணியின் ஆள் அவர். இன்று எதிரணியே அவர்களுடையதுதான்.

"என்னம்மா, இன்னுமா அந்த டீமுக்குப் போயிட்டிருக்கீங்க?"

"போகாம?" என்று சிரித்தாள்.

'இன்னுமா போறீங்க?' என்று கேட்கிற அதே வாய்கள்தான் அவளிடம், 'இன்னுமா அவர் வரல?' என்றும் கேட்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிரிப்பைத்தான் அவள் வைத்திருந்தாள்.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. வந்த மூன்றாவது சனிக்கிழமை கணவன் அழைத்துப் போனான். சினிமாவுக்கு என்று நினைத்துப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று வலது காதில் கணவன் ஒரு விளக்கம் சொன்னான். இடது காதில் மாமனார் வேறு விளக்கம் சொன்னார். அவளைத் தாண்டி அப்பனும் மகனும் சண்டை போட்டதில் நடுவே விழுந்த கோலை மூன்று பேருமே பார்க்கவில்லை!

அந்த வருஷம் பச்சை அணி கோப்பையைத் தூக்கியது. கணவன் அவளைத் தூக்கினான், அத்தனை பேர் முன்னிலையில். வெட்கத்தில் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தது இன்னும் விரல்களில் இருக்கிறது.

அவன் விமானம் ஏறிய சீசனில்தான் சறுக்கல் ஆரம்பித்தது. கோல்கீப்பரை வேறு கிளப் கொத்திக்கொண்டு போனது. கேப்டனுக்கு முழங்கால் போனது. கோச்சுகள் பஸ் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். நம் ஆளே நம் வலைக்குள் பந்தை அடித்துவிட்டுத் தலையில் கை வைத்து நின்ற கூத்தையும் பார்த்தாயிற்று. பக்கத்துப் படிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்குக் கால்வலி. தோற்கிற அணிக்கு வராமலிருக்கக் காரணமா கிடைக்காது?

அவள் மட்டும் ஏன் போனாள்? யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படியில் அவளுக்கும் மாமனாருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. உட்காரும்போதே அப்படித்தான் உட்காருவார்கள். உலகத்தில் வேறெங்கேயும் அவன் இல்லாதது அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. அந்தக் காலி இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் மேட்ச் பார்ப்பாள்.

அந்த ஆள்தான் சிவப்புச் சட்டையில் சிரிக்கிறான்.

மதியம் வீடு திரும்பியபோது மாமனார் இன்னும் சோஃபாவோடுதான் இருந்தார். சின்னு பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போட்டோ பாத்துட்டீங்கதானே மாமா?"

கத்தரி நின்றது. "பாத்தேன்."

"பையன் மேல கோபம்னா பையன்கிட்ட காட்டுங்க. பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு பதினோரு பேர் அங்க நிக்கப் போறாங்க. அவங்க என்ன பண்ணாங்க உங்களை?"

"கோபமெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் என்ன? தோக்கறதைப் பாக்க முடியலையா?"

கிழவருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "யாரு? நானா? ஜெயிக்கிறவனைப் பாக்கணும்னா டிவியைத் தட்டினா நூறு டீம் வருது. நான் எந்தக் காலத்துல ஜெயிக்கிறதைப் பாக்கப் போனேன்? இவனுங்களைப் பாக்கத்தானே போனேன்!"

"அப்ப வாங்க."

கொஞ்ச நேரம் ஃபோம் துகள் ஒட்டிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். எழும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டையைத் தேய்ச்சிட்டியா?"

"காலையிலயே தேய்ச்சாச்சு."

மைதானத்தில் பாதிப் படிகள் காலி. ஆனால் தபால்காரர் வந்திருந்தார். வாரம் முழுவதும் வீடு வீடாகக் கடிதம் போட்டுவிட்டு, சனிக்கிழமை தோளில் டிரம்மை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிற மனிதர்.

"வாங்க சோஃபா மாமா! கடைசி ஊர்வலத்துக்கு வரமாட்டீங்களோன்னு நினைச்சேன்."

"வாயைக் கழுவுய்யா. இன்னும் உயிர் இருக்கு."

உயிர் இருந்தது, கால் மணி நேரம். பிறகு புதுக் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தை சோப்புக்கட்டியைப் போல நழுவவிட்டான். துறைமுகத்துக்காரன் சும்மா காலை நீட்டினான். ஒன்று பூஜ்யம். எதிர்ப்பக்கப் படிகள் எழுந்து ஆடின.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கிய சமயம் சின்னுவின் போன் அதிர்ந்தது. கணவன்.

எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். விரல் எடுத்துவிட்டது.

"சின்னு..." என்றான். அப்புறம் நிறுத்திவிட்டான். டிரம் சத்தம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"கிரவுண்ட்லயா இருக்க?"

"வேற எங்க இருப்பேன்?"

"என்ன ஸ்கோரு?"

'உனக்கென்ன அதைப் பத்தி' என்று நாக்கு நுனி வரை வந்தது. "ஒண்ணு பூஜ்யம். நாம பின்னாடி."

"வைக்காத சின்னு. அப்படியே வெச்சிரு. நான் கேட்டுக்கறேன்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, நடுவிலிருந்த காலி இடத்தில் வைத்தாள். மாமனார் ஒரு தடவை அதைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி சத்தமாக ஆரம்பித்தார். "பதினோராம் நம்பர் இடது பக்கம் ஏறறான். சின்னப் பையன். புதுசு. நல்லா ஓடறான். ஆங், விட்டுட்டான் கழுதை."

"கிராஸ் போடலையாப்பா?" என்றது போன்.

"போட்டா வாங்க ஆளு வேணாமா?"

சின்னு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அந்தச் சின்னப் பையன்தான் மறுபடி ஏறினான். இந்தத் தடவை பந்தைத் தூக்கிக் கொடுத்தான். எங்கிருந்தோ வந்த தலை ஒன்று முட்டியது. வலை குலுங்கியது. தபால்காரர் டிரம்மோடு குதித்தார். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் சின்னுவைக் கட்டிக்கொண்டாள்.

"கோலா? கோலா? சொல்லுங்க யாராவது!" என்று போன் படியில் கிடந்து கத்தியது.

"கோல்தான்டா!" மாமனார் குனிந்து போனுக்குள்ளேயே கத்தினார்.

இன்னும் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று. கடைசி நிமிஷத்தில் கார்னர் கிடைத்தது. கோல்கீப்பரே தன் வலையை விட்டுவிட்டு முன்னால் ஓடிவந்தான். பந்து வந்தது, ஒரு கால் பட்டது, மேல் கம்பியில் டங்கென்று மோதி வெளியே பறந்தது.

விசில்.

பச்சைச் சட்டைகள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டன. பதினோராம் நம்பர் பையன் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். யாரும் திட்டவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. தபால்காரர் டிரம்மை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். படி படியாக ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இறங்கிப்போகிற அணிக்கு இப்படியொரு கைதட்டலை சின்னு எதிர்பார்க்கவே இல்லை. அவள் கையும் தட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் சின்ன ஊர் கிரவுண்டெல்லாம் பாக்கலாம்" என்றார் தபால்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பஸ்ஸுதான் ரெண்டு மாறணும்."

சின்னு போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கினாள்.

"சிவப்புச் சட்டை நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரூம்ல இருக்கிற பசங்க கூப்பிட்டாங்க. போகலைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி ஒரு நாள் போனேன். சட்டைகூட அவங்கதான் வாங்கிக் குடுத்தாங்க. அந்த டீம்ல ஒருத்தன் பேருகூட எனக்குத் தெரியாது சின்னு."

"நம்ம டீம்னு எழுதத் தெரிஞ்சுதே."

"கோல் விழுந்துச்சு. பக்கத்துல இருந்தவன் என்னை அப்படியே கட்டிப் பிடிச்சிட்டான். யாருன்னே தெரியாது. எனக்கு..." அவன் குரல் உடைந்தது. "இங்க வந்ததுலேர்ந்து என்னை யாருமே தொட்டதில்ல சின்னு. ஒரு ஆளுகூட. அவன் விட்டப்புறம் பாத்ரூம்ல போயி நின்னு அழுதேன். அழுதுட்டு வந்துதான் போட்டோ எடுத்தேன். சிரிச்சேன். எழுதினேன்."

காலையிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த அத்தனை கேள்வியும் கரைந்து போயிற்று. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அழுத்தினால் கொஞ்சம் கிட்டே வருமோ என்னவோ.

"சனிக்கிழமை சொல்றேன்னு சொன்னேன்ல" என்றான். "கான்ட்ராக்டை நீட்டிக் குடுக்கறாங்க. தனி வீடு. குடும்பத்தைக் கூட்டிக்கலாமாம். நீ வந்துரு சின்னு. என்னால இனிமே முடியாது. அப்பாகிட்ட விடிகாலையிலயே கேட்டுட்டேன். நான் முடிக்கறதுக்குள்ளயே கூட்டிக்கடான்னுட்டாரு."

அவள் எதை நினைத்துத் தூங்கி, எதை நினைத்து எழுந்தாளோ, அது இதோ காதுக்குள் கேட்கிறது. வந்துரு. நான்கு எழுத்து. ஆனால் அவள் கண் படிக்கட்டின் இடுக்கு வழியே மேலே போயிற்று. மாமனார் தனியாக நின்று இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பேசறேங்க" என்று வைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அவளே கேட்டாள்.

"காலையிலயே தெரியும் உங்களுக்கு."

"ம்."

"அதனாலதான் வரலன்னீங்களா? நான் போட்டோவாலன்னு நினைச்சேன்."

மாமனார் பஸ் வருகிற திசையையே பார்த்தார். "அடுத்த சீசன்லேர்ந்து பேச்சுத் துணைக்கு ஆளில்லாமத்தானே இருக்கணும். இன்னிக்கே கொஞ்சம் பழகிப் பாக்கலாம்னுதான். நீ எங்க விட்ட?"

பஸ் வந்தது. கூட்டம். கிடைத்த இடத்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். அவருடைய நரைத்த பின்னந்தலையில் இரண்டு ஃபோம் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அவளும் கவனிக்கவில்லை. மெல்ல எடுத்துவிட்டாள். அவர் திரும்பவில்லை.

போன் அடித்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டுக்குப் போயிட்டியா? என்ன சொல்ற சின்னு? திங்கக்கிழமை பேப்பர்ல பேரு எழுதிக் குடுக்கணும்."

"குடும்பத்தைக் கூட்டிக்கலாம்னாங்க இல்ல?"

"ஆமா."

"குடும்பம்னா எத்தனை பேருன்னு கேட்டீங்களா?"

"ஏன்?"

"மாமா பேரையும் எழுதினாத்தான் என் பேரை எழுதணும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். இல்லை, நிமிஷங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

முன் சீட்டில், திரும்பிப் பார்க்காமலே, மாமனாரின் தலை மட்டும் 'வேண்டாம், வேண்டாம்' என்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.